சம்பளத்துக்கேற்ற உயரம்

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் கூடினால் உயரம் கூடியது, குறைந்தால் குறைந்தது. ஊழியர் சம்பளத்துக்கென்று அரசு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும்; பங்கிடுவது உறுப்பினர் பாடு. அவர் அதை உதவியாளரிடம் விட்டிருந்தார். உதவியாளர் தன் பங்கில் கொஞ்சம் தாராளமாக இருந்ததால் வாசலில் குனிந்துதான் நுழைவார். பக்கத்துக் கடைத் தையல்காரர், சம்பளம் போட்ட பிறகே இவர்களுக்கு அளவெடுப்பார்.

மனுக்களைப் படித்துப் பதில் தட்டச்சு செய்த பெண்ணுக்கு ஒரு தங்கை. நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள், கட்டணம் கட்ட வழியில்லாமல் பாதியில் நிற்க இருந்தாள். இது உறுப்பினரின் கார் டிரைவர் காதுக்கு எட்டியது. அவருக்கு அக்காவின் மேல் வெகுநாளாகப் பிரியம். சொல்லத்தான் வாய் வரவில்லை. உதவியாளரைத் தனியாகப் பிடித்து, "என் பங்குல பாதியை அவங்க பக்கம் தள்ளிடுங்க சார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

அக்காவின் உடைகளெல்லாம் குட்டையாயின. தன் வேலையைப் பார்த்துக் கொடுத்த உயர்வு என்று அவள் நம்பினாள். தையல்காரரிடம் மடிப்பைப் பிரித்துவிடச் சொன்னாள், தங்கையின் கட்டணத்தைக் கட்டினாள். டிரைவரோ உயரத்தில் இறங்கிக்கொண்டே வந்தார். கேட்டவர்களிடம் ஏதோ பிடித்தம் என்றார். பழைய மனுக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, பெடல்களில் மரக்கட்டை கட்டி ஓட்டினார். ஒருநாள் பிரேக்கில் கட்டியிருந்த கட்டை நழுவி, கார் மெல்லப் போய் அலுவலகச் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. உறுப்பினர் கோபப்படவில்லை. "இந்த மாசத்தோட வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

அதற்கு மேல் உதவியாளரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் அவள் நேராகக் காருக்கு வந்தாள்.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"கேட்டா வேணாம்பீங்க."

"நாளைக்கே திருப்பிடச் சொல்றேன்."

"அப்போ தங்கச்சி படிப்பு?"

அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, நீண்டுபோயிருந்த காலை நீட்டினாள். பிரேக் சுலபமாக எட்டியது.

"வண்டியை எடுங்க. எங்க நிறுத்தணும்னு மட்டும் சொல்லுங்க. இனிமே எதையும் மறைக்காதீங்க."

"அப்போ இன்னொண்ணும் சொல்லணும்..."

"அது தெரியும். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அன்றிலிருந்து அந்தக் காரை இருவர் ஓட்டினார்கள். போகிற வழியிலேயே அவள் மனுக்களை வாசித்துக் காட்டியதால் உறுப்பினருக்கு வசதியாயிற்று. வேறு ஆள் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. டிரைவரும் அவளும் கல்யாணம் செய்துகொண்டார்கள். தங்கை படித்து முடித்து நர்ஸ் வேலைக்குப் போன மாதமே டிரைவரின் பங்கு அவரிடம் திரும்பி வந்தது. அவர் ஏறினார், அவள் இறங்கினாள், இருவர் தோளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. தையல்காரர் பிரித்த மடிப்பை மறுபடி மடித்துத் தைத்தார்.

ஆனாலும் பிரேக் அவளுடையதாகவே இருந்தது. இருக்கை நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து மிதிப்பாள். கார் வழுக்கினாற்போல் நின்றால் வீட்டில் சுமுகம், குலுங்கி நின்றால் காலையில் ஏதோ வாய்ச்சண்டை என்று தெருவே தெரிந்துகொண்டது. புறப்படும்போது உறுப்பினர் இருவர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். தேவைப்பட்டால் பின்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.