தண்ணீருக்குள் கூப்பிட முடியாது

…கால் அளவு எட்டா எட்டரையா என்று கேட்டால் ‘ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது போடு’ என்கிற மனிதரைக் கட்டிக்கொண்டு நான் எந்தக் கடலில் போய் விழ, எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவில் எந்த ஊரில் துடுப்புக் காலணி செய்கிறார்கள், சரி, ஷூவையே பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியைத் திறந்து திருப்பிப் பார்த்தால் அடியில் எண் தேய்ந்து மழமழவென்று இருக்கிறது, தேயாதா பின்னே, சர்வேயர் கால் அல்லவா, ஊரில் இருக்கிற காலி மனையெல்லாம் நடந்து அளந்த கால். ஊரை அளக்கிறவருக்குத் தன் கால் அளவு தெரியவில்லை, இதைச் சொன்னால் கோபம் வரும், சொல்லவில்லை, டேப்பை எடுத்து ஷூவை அளந்து எட்டரை என்று போட்டேன். மணி பதினொன்று அடிக்கப் போகிறது. பன்னிரண்டுக்குள் இந்தப் படிவம் போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் நாங்கள் நான்கு பேரும் கடலுக்குள் இறங்கப் போகிற அந்தத் தீவுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு சரக்குப் படகு, நான்கு பேருக்கும் ரப்பர் உடுப்பு, முகமூடி, காலணி எல்லாம் அதில்தான் ஏறிப் போக வேண்டுமாம், இன்றைக்குத் தவறினால் அடுத்த வாரம், அடுத்த வாரம் நாங்களே அங்கே நின்றுகொண்டிருப்போம், பனியனோடு குதிக்க வேண்டியதுதான். டைவிங் சென்டர்க்காரர் மூன்று தடவை எழுதிவிட்டார், பாவம், நல்ல மனிதர், மூன்றாவது தடவையும் ‘அன்புள்ள அம்மா’ என்றுதான் ஆரம்பித்திருக்கிறார்.

இவருக்கென்ன, ஒரு நாள் சாப்பிட்ட கையோடு போனில் ஒரு ஆமை நீந்துகிறதைப் பார்த்தார், ‘நாமளும் போலாமா’ என்றார், அந்த ஒரு சொல் அவருடையது, மீதி எல்லாம் என் தலையில். இரண்டு விமானம், ஒரு கப்பல், ஒரு படகு, அதற்கப்புறமும் முழங்கால் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டுமாம், இதையெல்லாம் ஒன்றுக்கொன்று இடிக்காமல் கோத்து வைத்தால் நேற்றைக்கு வந்து நின்றுகொண்டு, ‘கடைசி நாள் காலைல இன்னொரு தடவை இறங்கிட்டு சாயங்காலமே ஃபிளைட் ஏறிடலாமே’ என்கிறார். முழுகி எழுந்தால் பதினெட்டு மணி நேரம் விமானத்தில் ஏறக்கூடாது என்று டைவிங் வகுப்பில் சொன்னார்களா இல்லையா, போர்டில் சிவப்பு மையில் எழுதினார்களா இல்லையா, அப்போது இவர் எங்கே இருந்தார், என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருஷமாகக் கத்தியையும் பஞ்சையும் எண்ணுகிறவள் நான், உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொன்னால்தான் டாக்டர் தையலே போடுவார், அங்கே நான் ஒரு தடவை சொன்னால் போதும், வீட்டில் ஒன்பது தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

இது இப்படி என்றால் நாத்தனார் வேறு மாதிரி. இவருடைய தங்கை, மருந்துக்கடை வைத்திருக்கிறாள், அவளும் அவள் வீட்டுக்காரரும், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, எங்களோடு வருகிறார்கள். காலையிலிருந்து ஆறு குரல் செய்தி அனுப்பிவிட்டாள், அண்ணி அங்க கொசு உண்டா, அண்ணி துண்டு அவங்க குடுப்பாங்களா, அண்ணி காது வலிச்சா சொட்டு மருந்து எந்தப் பையில வைக்கணும்… உயிரை வாங்குகிறாள். மாப்பிள்ளையோ எதைக் கேட்டாலும் கட்டைவிரலைத் தூக்கி ஒரு படம் அனுப்புவார், உங்கள் எடை என்ன என்று கேட்டேன், கட்டைவிரல், கண்ணாடி பவர் என்ன, கட்டைவிரல். நீச்சல்குளப் பயிற்சியிலும் இதே கூத்துதான், தண்ணீருக்குள் கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போகவேண்டும் என்று அர்த்தம், நல்லா இருக்கிறேன் என்பதற்கு விரலை வட்டமாக மடக்கிக் காட்ட வேண்டும், படித்துப் படித்துச் சொன்னார்கள். மாப்பிள்ளை ‘சூப்பர்’ என்று கட்டைவிரலைக் காட்டக் காட்டப் பயிற்சியாளர் அவரை மேலே தூக்கிக்கொண்டு வர, ஒரே வகுப்பில் ஏழு தடவை, கடைசியில் அந்த மனிதருக்கே மூச்சு வாங்கிவிட்டது. இவர்கள் இரண்டு பேரும் நடுக்கடலில் ஆமை பார்க்கப் போகிறார்கள்.

எடை போட்டாயிற்று, பவர் போட்டாயிற்று, ஆஸ்துமா இல்லை, காது ஆபரேஷன் இல்லை, நான்கு பேருக்கும் இல்லை இல்லை இல்லை. ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. ஜோடியின் பெயர். தண்ணீருக்குள் யார் யாரோடு போவது, யாருக்குக் காற்று தீர்ந்தால் யார் தன்னுடைய இரண்டாவது குழாயைக் கொடுப்பது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, புருஷன் பெண்டாட்டி, புருஷன் பெண்டாட்டி, இரண்டு வினாடி வேலை, ஆனால் நான் நேற்றிலிருந்து இதைத் தாண்டித் தாண்டிக் கீழே போய் ஷூ அளவையும் சாப்பாட்டு விருப்பத்தையும் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், ஏன்? சோபாவைப் பார்த்துக் கேட்டேன், “என்னங்க, உங்க ஜோடி யாருன்னு போடட்டும்?” பேப்பரை இறக்காமல், “நீதான், வேற யாரு?” என்றார். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அது, கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சந்தோஷமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது. பத்தொன்பது வருஷமாக இவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன், கடைத்தெருவில், ஆஸ்பத்திரி வராந்தாவில், ரயில்வே பிளாட்பாரத்தில், பத்தடி முன்னால் போய்க்கொண்டே இருப்பார், பின்னால் அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள் வந்துகொண்டே இருப்பான் என்கிற சர்வேயர் நடை. ‘ஏங்க, நில்லுங்க’ என்று கத்தினால் நிற்பார், நிற்கமாட்டார் என்று சொல்லவில்லை. தண்ணீருக்குள் எப்படிக் கத்துவது? வாயில் குழாய் இருக்கும். மூன்றாவது வகுப்பில் அந்தப் பயிற்சி வந்ததே, ஜோடி தொலைந்துபோனால் என்ன செய்வது என்று, பயிற்சியாளர் எனக்கு மட்டும் ரகசியமாகச் சைகை காட்டி ஆழப் பக்கத்து ஏணிக்குப் பின்னால் ஒதுங்கச் சொன்னார், கூட வருகிறவர் எப்போது கவனிக்கிறார் பார்ப்போம் என்று. நான் எண்ணினேன், எண்ணுகிற புத்தி எங்கே போகும், நூற்று நாற்பது வரை எண்ணினேன், இவர் நேராக நீந்திப் போய்ச் சுவரைத் தொட்டு, விரலை வட்டமாக மடக்கிக் காட்டிவிட்டு, ஏறித் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘உங்க ஜோடி எங்க சார்?’ என்று கேட்டதற்கு, ‘வருவா’ என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள், தலையைத் தூக்கி மூச்சு வாங்கியதும் நானும் சேர்ந்து சிரித்தேன். வருவா. வீட்டுக்கு வந்து அன்றைக்கு எதற்கென்று தெரியாமல் பாத்திரத்தை உருட்டினேன்.

பதினொன்றரை. ஏழாவது குரல் செய்தி. என்ன, சோப்பு அவர்கள் கொடுப்பார்களா நாம் கொண்டுபோக வேண்டுமா என்றிருக்கும், அழுத்தினேன். “அண்ணி, ஜோடி தொலைஞ்சா ஒரு நிமிஷம் தேடணும், அப்புறம் மேல வந்துடணும்னு சொன்னாரில்ல, தொலைஞ்சவங்க ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடுவாங்க சரி, கூட வந்தவங்களுக்குத் தொலைஞ்சதே தெரியலைன்னா?” அதோடு நின்றுவிட்டது. பதில் எழுதாமல் நேரே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள், போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள் போல. “அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களே அண்ணி, எனக்குச் சிரிப்பு வரல. நான் கரையில நின்னு ஏணியையே பாத்துட்டு இருந்தேன். உங்க மூச்சு குமிழியா மேல வந்துட்டே இருந்துச்சு. முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன். முப்பத்தொண்ணுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் வரல, எனக்கு உயிரே இல்ல.” நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். “உங்க வீட்டுல அப்படின்னா எங்க வீட்டுல இப்படி, கட்டைவிரலைத் தூக்கிட்டு அவர் பாட்டுக்கு மேல போயிடுவாரு. நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா போட்டுருங்களேன் அண்ணி. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.” வேண்டாம், நானே சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உயிரை வாங்குகிறாள் என்று சொன்னேனே, அவளிடம் ஒரு நாள் நின்று பதில் சொல்லியிருக்கிறேனா நான், வீட்டுக்கு வந்தால் டீயைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் தப்பித்துப் போவேன்… வெட்கமாக இருந்தது. என் பெயருக்கு எதிரே அவள் பெயர், அவள் பெயருக்கு எதிரே என் பெயர். அப்படியானால் இவருக்கு மாப்பிள்ளை, மாப்பிள்ளைக்கு இவர். அந்த வரியை நிரப்பிவிட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது, ஒருவர் திரும்பிப் பார்க்க மாட்டார், இன்னொருவர் மேலே போய்விடுவார், இவர்கள் இரண்டு பேரையும் ஒரே கட்டத்தில் போட்ட கை என் கைதான்.

போய் நின்றேன். “உங்களை மாப்பிள்ளையோட போட்டிருக்கேன். நான் உங்க தங்கச்சியோட போறேன்.” சண்டைக்குத் தயாராகத்தான் போனேன், வருவா என்று சொன்னீர்களே, நூற்று நாற்பது எண்ணினேனே, எல்லாம் வரிசையாக வாயில் இருந்தது. அவர் பேப்பரை இறக்கினார். மடித்துப் பக்கத்தில் வைத்தார். கோபப்படவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிப் பேப்பர் மேல் வைத்தார். “அப்போ என்னை யார் பாத்துப்பா?” என்றார், சிரிக்காமல். அப்படியானால் இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கடைத்தெருவிலும் பிளாட்பாரத்திலும் பத்தடி பின்னால் ஒருத்தி தன்னைப் பார்த்துக்கொண்டே வருகிறாள் என்று இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் திரும்பவில்லையா, அதை நம்பியேதான் நடந்தாரா? இது கொஞ்சமாவது நியாயமா? மணி பன்னிரண்டாக ஆறு நிமிடம், படிவம் மேஜையில் திறந்தபடி இருக்கிறது. தெரியாமல் நடந்தவர் என்று நினைத்து இத்தனை நாள் எரிச்சல்பட்டேன், தெரிந்தே நடந்தவரிடம் என்ன படுவது என்று எனக்குத் தெரியவில்லை.