மூன்றாவது மைக்

அம்மாவைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படத்தில் எல்லோரும் பேசினார்கள். இசையமைப்பாளர் பேசினார், தபலாக்காரர் பேசினார், அம்மாவோடு ஒரே ஒருமுறை காரில் வந்தவர்கூடப் பத்து நிமிடம் பேசினார். ஐம்பது நிமிடப் படத்தில் அம்மாவின் குரல் மட்டும் ஒரு நொடிகூட இல்லை. பாடகியைப் பற்றிய படம், அவள் பாட்டே இல்லாமல். வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னையே திட்டிக்கொண்டேன்.

அம்மா டிராக் பாடகி. மெட்டு தயாரானதும் முதலில் அவள்தான் பாடுவாள். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வயலின்காரர்களும் மற்றவர்களும் வாசிப்பார்கள். கடைசியில் பெயர்பெற்ற பாடகி வருவார், அம்மா பாடியதைக் கேட்டுப் பழகுவார், அதன் மேலேயே தன் குரலைப் பதிவு செய்வார். அதோடு அம்மாவின் குரல் அழிந்துவிடும். இருபத்திரண்டு வருடம், அறுநூறு பாட்டுக்கு மேல் இதே கதைதான்.

வீட்டில் பாடச் சொன்னால், "தொண்டைக்கு இன்னைக்கு லீவு" என்பாள். நாங்களும் வற்புறுத்தவில்லை. அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்ற நினைப்பு.

திரையிட ஒன்பது நாள் இருந்தது. "சித்தி பொண்ணு நல்லாப் பாடுவா. அம்மா பாடினதையெல்லாம் அவளைப் பாடச் சொல்லிப் போட்டுடலாமே" என்றான் தம்பி. உயிரோடு இருந்தவரைக்கும் அம்மா குரல் மேல் இன்னொருத்தி குரல். செத்த பிறகுமா? "போய் உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் ஒலிப்பதிவாளர் மாமாவைப் படம்பிடிக்கப் போனேன். அம்மாவின் பாட்டுகளில் பாதிக்கு மேல் பதிவு செய்தவர் அவர். ஜன்னலே இல்லாத அறை. பழைய நாடாக்களில் மிஞ்சியிருந்த மூன்று பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு பாட்டு எப்படி அடுக்கடுக்காகச் சேர்கிறது என்று காட்டுவதற்காக, பாடகியின் குரலில் தொடங்கி ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் வயலின்களுக்கு வைத்திருந்த நாலு மைக் மட்டும் மிஞ்சின.

"இதுல மூணாவது மைக் எனக்குப் புடிச்ச சனியன்மா" என்றார். "பின்வரிசையில ஒரு வயலின்காரர். ஹெட்போன்ல சவுண்டை முழுசா ஏத்தி வெச்சுக்குவாரு. அது வெளிய கசிஞ்சு மைக்ல விழும். கரடியாக் கத்துவேன். காதுலயே வாங்க மாட்டாரு மனுஷன்."

"என்ன மாமா கசியும்?"

"வேற என்ன, டிராக்தான்..." என்றவர் அப்படியே நிறுத்தினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மற்ற மூன்று மைக்கையும் அணைத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் முழுச் சத்தத்தில் வைத்தார். வயலின்கள் ஓய்ந்திருந்த சரணத்தில், அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி, மெல்லியதாக அம்மா பாடிக்கொண்டிருந்தாள்.

நான் வாய்விட்டு அழுதேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்காகவா அந்த மனுஷனை இத்தனை வருஷம் திட்டினேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஒலிப்பதிவாளர் புத்தி போகுமா? "பாட்டு தங்கம். மூச்சுதான் சில இடத்துல பெரிசா விழும். உங்கம்மாகிட்ட எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். சரி சார்னு சொல்லிட்டு மறுபடி அதையேதான் செய்வாங்க."

அந்த ஒலியை மூன்று நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். இரைச்சலைக் குறைத்தேன். அந்தப் பெரிய மூச்சுகள் மொத்தம் பதினொன்று இருந்தன. ஒன்றுவிடாமல் நீக்கினேன். அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட திருப்தி எனக்கு.

வயலின்காரருக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டாமா? விலாசம் விசாரித்துப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஸ்டூடியோ பேரைச் சொன்னதும், "இன்னமும் அந்தக் கம்ப்ளெயின்ட் முடியலையா?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொல்லி இயர்போனை நீட்டினேன். ஒன்றை வலது காதில் செருகிக்கொண்டார். மற்றது நெஞ்சில் தொங்கியது.

முதலில் தலையாட்டினார். பிறகு ஆட்டம் நின்றது. எதையோ தேடுகிற முகம்.

"பாட்டு இருக்கும்மா. மூச்சைக் காணோமே?"

"பெரிசா விழுந்துச்சு சார். நாந்தான் எடுத்துட்டேன்" என்றேன் பெருமையாக.

இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "என் இடது காது சின்ன வயசுலயே போயிடுச்சும்மா. தெரிஞ்சா வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை. பின்வரிசையில உட்கார்ந்தா கை காட்டறவரும் தெரியாது, பக்கத்துல வாசிக்கறதும் கேக்காது. ஒருநாள் தப்பான இடத்துல நுழைஞ்சு மானம் போச்சு. உங்கம்மா கேன்டீனுக்கு வந்து என்னண்ணா ஆச்சுன்னு கேட்டாங்க. அவங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சவுண்டை முழுசா ஏத்தி வெச்சுக்கங்கண்ணா, நீங்க நுழையற இடத்துக்கு முன்னாடி நான் பெரிசா ஒரு மூச்சு எடுக்கறேன்னாங்க. கடைசி வரைக்கும் எடுத்தாங்க. பாட்டுக்கு அது தேவையே இல்லம்மா. அது எனக்காக எடுத்தது."

எனக்குத் தலை நிமிரவில்லை. மாமாவிடம் வாங்கிய திட்டையெல்லாம் அம்மா காரணம் சொல்லாமலே வாங்கிக்கொண்டாள். வீட்டிலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சொல்லித்தான் இவர் சத்தத்தை ஏற்றி வைத்தார். அதனால்தான் அவள் குரல் எங்களுக்கு மிஞ்சியது. அவரிடம் நன்றி என்று சொன்னேன், சரியாகச் சொல்ல வரவில்லை.

"நீ எதுக்கும்மா? அந்த மூச்சுலதான் ரெண்டு பொண்ணுங்களை ஆளாக்கினேன்" என்றார். "கேமராவை எடு. வேலையை விட்டுப் பத்து வருஷமாச்சு, இனிமே எனக்கென்ன பயம்? நானே சொல்றேன்."

அன்று மாலையே பதினொரு மூச்சையும் இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன்.

திரையிட்ட அன்று வயலின்காரர் முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் மாமா. படத்தில் அவர் காதைப் பற்றிச் சொன்னபோது மாமா எழுந்து, மறுபக்கம் போய், அவருடைய வலது காதருகே உட்கார்ந்துகொண்டார். பிறகு அம்மா பாடினாள். சரணம் முடியப்போகிற இடத்தில் அந்த மூச்சு, அரங்கம் முழுக்கக் கேட்டது. வயலின்காரரின் கை மடியிலிருந்து தானாக எழுந்தது. அடுத்த நொடி திரையில் வயலின்கள் தொடங்கின, அவர் கையும் அவற்றோடு இறங்கியது. பதினொரு முறையும் ஒரு இடம்கூடத் தவறவில்லை.