மொயோசோரே மண்டியிட்டாள்

என் தங்கை மொயோசோரேயின் பிடிவாதம் பிறவிக்குணம். அதற்காக வீட்டில் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்தான். கல்யாண வீடுகளில் பாடிப் பாடி, எவர் தயவும் இல்லாமல் ஒரு பாட்டைத் தானே பதிவு செய்து வெளியிட்டாள். பாதி ஆங்கிலம், பாதி எங்கள் தாய்மொழி யொரூபா. எங்கள் ஊர் இபாதான் முழுக்க ஆட்டோவிலும் சலூனிலும் அதுதான் ஓடியது. லாகோஸ் பாட்டுக் கம்பெனி முதலாளி அகின்லாடே மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

"யொரூபாவை வெட்டிடும்மா. வெளிநாட்டு ரேடியோக்காரன் அப்படியே அள்ளிக்குவான்."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மாட்டேன் என்றுவிட்டாள்.

சும்மா விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நான்கு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் அமலாக் களி கிண்டி, எவெடுக் கீரைக் குழம்போடு கொண்டுவந்து வைத்தேன். யாரும் தொடவில்லை. கஞ்சி போட்ட வெள்ளை அக்பாடா அங்கியோடு அந்த அறுபது வயது மனிதர் என் தங்கையின் முன்னால் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"நீ சரின்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன், மகளே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரியக்காரக் கிழவன்! பெரியவர் ஒருவர் இப்படி விழுந்து கேட்டால் "எந்திரிங்க ஐயா" என்றுதான் எங்கள் ஊரில் சொல்ல வேண்டும். சொன்னால் சம்மதம் என்று அர்த்தம். சொல்லாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்று அப்பாவை ஊரே காறித் துப்பும்.

"எந்திரிக்கச் சொல்லுடி," என்று அப்பா பல்லைக் கடித்தார். "மானம் போகுது."

மொயோசோரே எழுந்து வந்தாள். அவர் தலைமாட்டில் இரண்டு முட்டியும் தரையில் பட மண்டியிட்டாள்.

"ஐயா, நான் சின்னப் பொண்ணு. என் பாட்டை அப்படியே விட்டுடறேன்னு நீங்க சொல்ற வரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன்."

மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியுமா? அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது.

"ஜெனரேட்டரைப் போடு," என்றார் அப்பா என்னிடம்.

"பெட்ரோல் இல்லப்பா." டேங்க் நிறைய இருந்தது. நன்றாக வேகட்டும் என்று விட்டுவிட்டேன்.

புழுக்கத்தில் அகின்லாடேயின் முதுகெல்லாம் நனைந்தது. "உன் நல்லதுக்குத்தானம்மா சொல்றேன்," என்று முனகினார்.

"இடுப்பு வலிக்குமே ஐயா, தலையணை தரச் சொல்லட்டுமா?" என்றாள் மொயோசோரே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா முறைத்தார்.

"யாராவது ஒருத்தர் எந்திரிங்கப்பா, அமலா ஆறுது," என்றார் பெரியவர்களில் ஒருவர்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அகின்லாடே நாற்காலிக் காலைப் பிடித்து, "அம்மாடி" என்று எழுந்தார்.

"எந்த ரேடியோவும் உன்னைச் சீண்டாது. பார்த்துக்கிட்டே இரு!"

"நல்லபடியா போயிட்டு வாங்க ஐயா," என்றாள், மண்டியிட்டபடியே.

கார் கிளம்பியதும் அப்பா கத்தினார். "இனிமே ஊருக்குள்ள எப்படிடி தலை காட்டுவேன்?"

"அவர்தானேப்பா முதல்ல எந்திரிச்சாரு."

அவளுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. நான்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"பயமா இருக்காடி?"

"இருக்குக்கா," என்றாள். "அடுத்த பாட்டு முழுக்க யொரூபாவுலதான்."