விழித்திருக்க வைப்பவள்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. சாப்பாட்டு மேசையில் அண்ணி பொரிந்து தள்ளியதைக் கேட்டு எடுத்துக்கொண்டது. இரவு வேலையைப் பாதியில் உதறிவிட்டு அண்ணன் வீட்டில் ஒண்டியிருப்பவனுக்குக் கதை இப்படித்தான் கிடைக்கும்.

பள்ளி விட்டபின், பெற்றோர் வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் அண்ணி உதவியாளர்.

"இதுல எழுத என்ன இருக்கு தம்பி? பிஸ்கட் குடுத்தேன், மூக்கத் தொடச்சேன், பென்சில் சீவுனேன்."

"தூங்க விடாம பாத்துக்கிறீங்களே, அது இருக்கே."

"அதச் சொன்னா எவன் நம்புவான்?"

நம்புங்கள். அந்த அறையில் பிள்ளைகள் தூங்கக் கூடாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் கண் அசந்த பிள்ளை இரவில் வீட்டைத் தலைகீழாக்கும். பெற்றவர்கள் தூங்க முடியாது. ஆகவே பிள்ளையை நன்றாகக் களைத்துப்போன நிலையில், ஆனால் விழித்த கண்ணோடு ஒப்படைக்க வேண்டும். இதற்குப் பராமரிப்பு என்று பெயர். வாசலில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "மாலை வெயில் சாய்ந்து விழ, அந்தப் பிஞ்சு முகங்களில்—"

[நிறுத்திவிட்டேன். பிஞ்சாம். அந்த அறையில் பினாயில் வாடையும் ஈரக் காலுறை வாடையும்தான் அடிக்கும்.]

இரண்டாவது: "அவள் அந்தக் குழந்தைகளுக்கு இன்னொரு தாயாக—"

[இதை அண்ணி படித்தால் என் சோற்றில் மண் விழும். அவளுக்குத் தாயாகும் ஆசையெல்லாம் இல்லை. வேலை நிலைத்தால் போதும். பிள்ளையைத் தூங்க விட்டாள் என்று ஏற்கெனவே ஒரு புகார் வந்திருந்தது. "இன்னொண்ணு வந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று பொறுப்பாளர் கையை விரித்துவிட்டார். கையை விரிப்பதற்கென்றே படித்து வந்தவர்.]

அழகான தொடக்கம் வேண்டுவோர் வேறு கதைக்குப் போகலாம்.

3

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. மற்ற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கொட்டாவி. பிள்ளைகளின் ஈவிரக்கமற்ற துல்லியத்தை நான் மெச்சுகிறேன்.

அன்று கொட்டாவி கணக்கு நோட்டின்மேல் மூன்று தடவை தலை கவிழ்ந்தாள். அண்ணி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கைதட்டி விளையாடச் சொன்னாள். டம்ளர்களைக் கழுவிவரத் துரத்தினாள்.

"அக்கா, கண்ணு மட்டும் தூங்கட்டுமா? நான் முழிச்சிருக்கேன்."

"அதெல்லாம் தனித்தனியா தூங்காதுடி."

சொல்லிவிட்டாளே தவிர, சற்று நேரத்தில் பைகள் குவிந்திருந்த மூலையில், ரப்பர் விரிப்பின்மேல் அவளைப் படுக்க வைத்தாள். அன்பினால் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். ஏன் என்று நான் கேட்டேன். "எனக்கே அசதியா இருந்துச்சு. அவளும் சேந்து நச்சரிச்சா, யாரால முடியும்?" என்றாள்.

4

அன்று பார்த்து கொட்டாவியின் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள்.

(இந்த அம்மாவை ஒரு ராட்சசியாக்கத்தான் முதலில் எண்ணினேன். கையில் போன், காலில் அவசரம், வாயில் அதட்டல். "அப்படியெல்லாம் எழுதாதீங்க, அந்தம்மா கண்ணுக்குக் கீழயும் கருப்பு தட்டிப்போயிருக்கு" என்று அண்ணி தடுத்தாள். வில்லியையும் பிடுங்கிக்கொண்டார்கள். இனி யாரை வைத்துக் கதையை ஓட்டுவது?)

அண்ணி பிள்ளையை உலுக்கி எழுப்பி, தலையைக் கோதி, வாசலுக்குக் கூட்டிப் போனாள். கோத முடியாத இடம் ஒன்று இருந்தது. வலக் கன்னத்தில் ரப்பர் விரிப்பின் கட்டங்கள், அச்சு மாறாமல்.

"என்னங்க இது, கன்னத்துல?"

தூங்கினாள் என்றால் புகார். புகார் என்றால் வேலை போச்சு. அண்ணி வாயில் வந்தது:

"லேசா விழுந்துட்டா மேடம்."

பல வருடம் அந்த அறையில் வேலை பார்த்தவளுக்குத்தான் இப்படியொரு முட்டாள்தனம் வாய்க்கும். அங்கே தூக்கம் புகாரோடு முடிந்துவிடும், விழுந்தால் விபத்து. விபத்து என்றால் பொறுப்பாளர் முதலுதவிப் பெட்டியோடு வந்து பெற்றவர் முன்னிலையில் பிள்ளையையே விசாரிக்க வேண்டும் என்று விதி. பெட்டியைப் பார்த்த பிறகுதான் அண்ணிக்கு அந்த விதி ஞாபகம் வந்தது.

பொறுப்பாளர் குனிந்தார். "பாப்பா, எங்க விழுந்தே?"

அம்மாவும் குனிந்து கன்னத்துக் கட்டங்களைத் தடவினாள். "சொல்லுடா செல்லம். விழுந்தியா, இல்ல தூங்கினியா?"

கொட்டாவி அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள்.

5

இங்கே அண்ணி கதையை முடிக்க வாயெடுத்தாள். கையமர்த்திவிட்டேன்.

"சொல்லாதீங்க அண்ணி."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க? வெட்டி ஆளு."

கேட்டுவிட்டால் அதைத்தான் எழுத வேண்டியிருக்கும். என்னிடம் உள்ள முடிவுகளைப் பாருங்கள்.

அ) "விழுந்தேன்" என்கிறாள். வேலை தப்பியது. இன்னொருத்தி பிழைப்பதற்காகத் தன் வாயால் பொய் சொல்ல வேண்டும் என்று ஆறு வயதிலேயே ஒரு பிள்ளை கற்றுக்கொண்டது. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். அந்த ஈரக் கைக்குட்டையை வைத்து நான் என்ன செய்வது?

ஆ) "தூங்கினேன்" என்கிறாள். உண்மை வென்றது. அண்ணி வேலை தேடுகிறாள்.

இ) பிள்ளை வாய் திறக்குமுன் அண்ணியே, "நான்தான் மேடம் தூங்க வெச்சேன்" என்று

[முடிக்கவில்லை. இதை எழுதக் கை வரவில்லை. அண்ணி நல்லவள் என்பதற்காக அவள் வேலையைப் பறிக்க நான் யார்?]

எனவே உங்களிடம் விடுகிறேன். நீங்களும் சாயங்காலம் யாரோ ஒருத்தி விழிக்க வைத்திருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தானே. பெரியவர்கள் மூன்று பேர் வாசலில் நிற்கிறார்கள். பதிலை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டுமா, இல்லை மூவரில் ஒருவர் வாயைத் திறக்கலாமா?

சீக்கிரம் முடிவு செய்யுங்கள். அவளுக்குத் தூக்கம் இன்னும் தெளியவில்லை. நின்றபடியே கண் செருகுகிறது, முழங்கால் மடங்குகிறது. இன்னும் கொஞ்சம் யோசித்தீர்களானால் அண்ணி சொன்ன பொய் உண்மையாகிவிடும்.