கேட்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவே

மஞ்சக்குப்பத்தில் பதினாறு வீடுகள் கொண்ட அந்த அபார்ட்மென்டுக்கு முதல் செயலாளராக வந்தவர் திருநாவுக்கரசு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போட்டே ஓய்வு பெற்றவர். எடை மேடையில் அரைக் கட்டுக் கரும்புக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், கார் நிறுத்தும் இடத்திலா விட்டுக்கொடுப்பார்? பதவிக்கு வந்த மாதமே விதிகள் எழுதிக் கேட் ஓரத்தில் பலகையாக மாட்டினார். வாடகை வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது, இடம் சொந்தக் கார்களுக்கு மட்டும் என்றது நாலாவது விதி. அவருக்குக் கார் கிடையாது. அதனால் தன்னைவிட நியாயமானவன் கடலூரிலேயே இல்லை என்று ஒரு நினைப்பு.

வாட்ச்மேன் பக்கிரியைக் கூப்பிட்டு, "நானே டாக்ஸில வந்தாலும் உள்ள விடாத" என்று வேறு சொல்லிவைத்தார்.

மூன்றாம் மாடியில் சின்னையன் இருந்தார். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்தவர். இதய ஆபரேஷன் முடிந்து வந்தவர், ஆட்டோவை லிஃப்ட் வரைக்கும் விடும்படி மனு எழுதிக் கொடுத்தார். கேட்டிலிருந்து லிஃப்ட் எண்பது தப்படி.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க சார்" என்று திருநாவுக்கரசு மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சின்னையன் சண்டைக்கு வரவில்லை. பாதி வழியில் தூணோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். போகும்போதும் வரும்போதும் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். இடைஞ்சல் என்று சொல்லித் திருநாவுக்கரசு அதை இரண்டு முறை எடுக்க வைத்தார். இரண்டு முறையும் மறுநாள் காலையில் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அதற்குமேல் அவருக்கும் அலுத்துவிட்டது.

2009 ஆவணியில் திருநாவுக்கரசின் மனைவி ராசம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சிதம்பரத்தில் ஆபரேஷன். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடக்கலாம், அதற்குமேல் இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். வழி நெடுக திருநாவுக்கரசுக்கு அந்தப் பத்தடிதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

டாக்ஸி கேட்டில் வந்து நின்றது. பக்கிரி ஓடி வந்தான். பலகையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"ஐயா, நீங்கதான் சொன்னீங்க, நானே வந்தாலும்னு... இப்ப தொறக்கட்டுங்களா?"

திற என்று ஒரு வார்த்தை போதும். மாடிகளில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் பதவி இரண்டாம் மாடி இளைஞன் இளவரசு கைக்குப் போய் ஒரு வருஷமாகியும், பலகையில் இருந்தது இவர் கையெழுத்துதான். வாய் வரைக்கும் வந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

ராசம்மாள் நாற்பது வருஷமாக அவரோடு குப்பை கொட்டியவள். கதவைத் தானே திறந்தாள்.

"உங்க சட்டமாச்சு, நானாச்சு. எறக்கி வுடுங்க, நடக்கறேன்."

இருபது தப்படியில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. முப்பதில் கால் நடுங்கியது. திருநாவுக்கரசு ஒரு பக்கம், பக்கிரி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. தூணோரம் உட்கார்ந்திருந்த சின்னையன் எழுந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"இப்டி ஒக்காரும்மா. அவசரமில்ல. நானும் இங்கதான் மூச்சு வாங்கறது."

அவ்வளவுதான் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால்கூடத் திருநாவுக்கரசுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ராசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சின்னையன் அவ்வளவு நேரமும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் திருநாவுக்கரசு எழுந்து, வயசானவர்கள் வரும் வண்டியை மட்டும் லிஃப்ட் வரைக்கும் விட வேண்டும் என்றார். விதியை மாற்றப் பதினாறு வீட்டில் பதினொரு வீடு கை தூக்க வேண்டும். அதுவும் அவர் எழுதியதுதான்.

"மாமா, ஆட்டோ வந்து நின்னா நாங்க எப்டி கார எடுக்கறது?" என்றான் இளவரசு. மரியாதையாகத்தான் கேட்டான். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. நீங்களே சொன்னதுதான மாமா."

தூக்கிய கைகள் இரண்டு. ஒன்று அவருடையது, இன்னொன்று சின்னையனுடையது.

மறுநாள் காலை திருநாவுக்கரசு தன் வீட்டு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தூணோரம் சின்னையன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். பக்கிரி தயங்கித் தயங்கி வந்தான்.

"ஐயா, எடைஞ்சல்னு இளவரசு சார் எடுக்கச் சொன்னா?"

"எடுத்துடு" என்றார். "மறுநா காலைல நான் திரும்பக் கொண்டாந்து போடுவேன்."