இரண்டாயிரம் நாற்காலி

பாதி அரங்கு கூட நிறையாது என்று மாஸ்டர் சொன்னது மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், குடும்பம் மொத்தமும் கேட்கும்படி. சொல்லிவிட்டுத் தண்ணீர் டம்ளரை வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் மேசை விரிப்பில் கொட்டியது. சவால் விடுகிறவன் முறுக்கிக்கொள்ள மீசையாவது வைத்திருப்பான். மாஸ்டருக்கு அதுவும் கிடையாது.

"எழுதி வெச்சுக்கங்க. ரெண்டாயிரம் நாற்காலி போடுறாங்க. ஐநூறு பேர் வந்தா பெரிசு. அந்த விலை குடுத்து எந்த முட்டாள் வருவான்?"

எதிரே உட்கார்ந்திருந்த சகலை சிரித்தான். சிரிப்பதும் சிரிக்க வைப்பதும்தான் அவன் பிழைப்பு. கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்வான், நாற்காலியிலிருந்து விழுவான், குழாயடியில் வழுக்குவான். அதையெல்லாம் அவன் மனைவி போனில் படம் பிடித்துப் போடுவாள். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். ஊரே அவனைக் குஷி என்று கூப்பிட்டது. மாஸ்டரின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவன் என்பதைத் தவிர மாஸ்டருக்கு அவனிடம் எந்தப் பகையும் இல்லை. அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

யாரோ ஒரு நிகழ்ச்சி அமைப்பாளருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. குஷியையும், ஓய்வுபெற்ற கால்பந்து கோல்கீப்பர் ஒருவரையும் ரிங்கில் ஏற்றி ஆறு ரவுண்டு குத்துச்சண்டை போடவைப்பது. இருவரும் அதுவரை கிளவுஸ் மாட்டியதில்லை. கோல்கீப்பர் மாட்டியது வேறு கிளவுஸ். டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கடைசி வரிசைக்கே ஒரு குடும்பத்தின் ஒரு மாத மளிகை. முன்வரிசைக்கு, டயர் கடை மாடியில் மாஸ்டர் நடத்துகிற பயிற்சிக்கூடத்தின் மூன்று மாத வாடகை.

"அண்ணே, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு," என்றான் குஷி. "ஆளு வராங்களோ இல்லையோ, நான் விழாம நிக்கணும். கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணே."

"ரெண்டு மாசத்துல கத்துக்க இது கூத்து இல்ல, சகல. வேற ஆளைப் பாரு."

"சின்ன மாப்பிள்ளை எவ்வளவு பணிவாக் கேக்கறாரு," என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல். பெரிய மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி நேராகவே கேட்டாள். "உங்களுக்கு வயிறு எரியுது. அதானே?"

"எனக்கா? அந்தக் கோமாளியைப் பாத்தா?"

"ஆமா. அவனைப் பாத்துத்தான்."

எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருஷம் குத்து வாங்கிய உடம்பு. மூக்கு மூன்று முறை உடைந்து, மூன்றாம் முறை வைத்தியரே இனி நேராக்கிப் பயனில்லை என்று விட்டுவிட்டார். சாம்பியன் பட்டத்துக்கு ஆடிய அன்று பார்க்க வந்தவர்கள் அறுபத்தொரு பேர். ரவுண்டுகளுக்கு இடையே முக்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே அவர் எண்ணியிருக்கிறார். அதில் பதினேழு பேர் எதிராளியின் சொந்தக்காரர்கள். அன்று முதல் அவர் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லி வந்தார். இந்த ஊருக்குக் குத்துச்சண்டையே பிடிக்காது, அதனால்தான் கூட்டம் வரவில்லை. இப்போது குஷிக்கு அரங்கு நிறைந்துவிட்டால் அந்தச் சமாதானமும் போய்விடும். ஊருக்குப் பிடிக்காமல் போனது தன்னைத்தான் என்று ஆகிவிடும்.

ஆகவே அரங்கு நிறையக்கூடாது. மாஸ்டருக்கு அந்த இரண்டு மாதமும் வேறு வேண்டுதல் இல்லை.

டிக்கெட் விற்பனை ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனில் திறந்தது. அரங்கின் வரைபடம், அதில் இரண்டாயிரம் சின்னக் கட்டங்கள். பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் போய்விட்டது. மதியம் பன்னிரண்டுக்கு மாஸ்டர் எண்ணியபோது சிவப்பு வெறும் முப்பத்து நான்கு. அவருக்குப் பாட்டு வந்தது. பயிற்சிக்கூடத்தில் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "இன்னைக்கு எல்லாரும் நல்லா ஆடுறீங்கடா," என்றார். அவர்கள் பயந்துபோனார்கள். மாஸ்டர் யாரையும் புகழ்ந்து அவர்கள் கேட்டதில்லை.

ஒத்தக்காதுவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒத்தக்காது பழைய எதிராளி, இப்போது நண்பர். அவருடைய இடது காது போனதே மாஸ்டரின் வலது கையால்தான். அந்த உரிமையில் தினமும் பயிற்சிக்கூடத்துக்கு வந்து வம்பளந்துவிட்டுப் போவார்.

"முன்வரிசை என்ன விலைன்னு பாருங்க," என்று ஒத்தக்காது ஒரு கட்டத்தைத் தொட்டார். பச்சை சிவப்பானது. பணம் கட்டப் பன்னிரண்டு நிமிடம் அவகாசம் என்று போன் சொன்னது. கட்டாவிட்டால் நாற்காலி மறுபடி பச்சை.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நாம பிடிச்சு வெச்சிருக்கிற வரைக்கும் வேற எவனும் வாங்க முடியாதா?"

"முடியாது போலிருக்கே மாஸ்டர்."

ஒரு போனில் ஆறு நாற்காலி வரை பிடிக்கலாம். பழைய குத்துச்சண்டைக்காரர்கள் நாற்பது பேர் கொண்ட ஒரு குழு போனில் இருந்தது. அதில் பலருக்குக் குஷியைக் கண்டால் ஆகாது. சரியாகச் சொன்னால் நாற்பது பேருக்கும் ஆகாது. நாற்பது ஆறு இருநூற்று நாற்பது. முன்பக்கத்து நல்ல இடமெல்லாம் சிவப்பாகக் கிடந்தால், வருகிறவன் சலித்துப்போய்த் திரும்பிவிடுவான். இப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

பன்னிரண்டு நிமிடத்தை ஞாபகம் வைக்க அவர்களுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. பயிற்சிக்கூடத்துச் சுவரில் ரவுண்டு மணி இருந்தது. மூன்று நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு. மூன்று ரவுண்டும் மூன்று ஓய்வும் சேர்ந்தால் சரியாகப் பன்னிரண்டு. இருபது வருஷமாக அந்த மணிக்கே எழுந்து அந்த மணிக்கே உட்கார்ந்த உடம்புகள். மூன்றாவது ஓய்வு முடிந்து மணி அடித்ததும், நாற்காலியை மறுபடி பிடிக்க எல்லோரும் ஒரே நொடியில் போனைத் தட்டினார்கள். வர முடியாதவர்களுக்குக் கீழே டயர் கடைக்காரர் போன் போட்டு, "அடிச்சிருச்சு, தட்டு," என்று சொன்னார். அவரும் ஒரு காலத்தில் கிளவுஸ் மாட்டியவர்தான். அந்தச் சனிக்கிழமை மூட்டைகள் சும்மா தொங்கின.

மூன்று மணிக்கு அமைப்பாளர் ஓர் அறிவிப்புப் போட்டார். விற்பனை தொடங்கிய சில மணி நேரத்திலேயே முதல் ஆறு வரிசைகள் விற்றுத் தீர்ந்தன! முந்துங்கள்!

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. காலையில் விலையைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனவர்களெல்லாம் திரும்பி ஓடி வந்தார்கள். கிடைக்கும் என்றால் மனுஷனுக்கு வேண்டாம். கிடைக்காது என்றால் கடன் வாங்கியாவது வேண்டும். ஏழாம் வரிசை சிவந்தது, எட்டு சிவந்தது, பின்பக்கத்து மூலைகள் சிவந்தன. இவர்கள் தொடாத இடமெல்லாம் தானாகச் சிவந்தது. "விடுங்கடா, எல்லாத்தையும் விடுங்க!" என்று மாஸ்டர் கத்தினார். விட்டார்கள். இருநூற்று நாற்பது கட்டமும் பச்சையாகி, அவர் கண்ணை இமைப்பதற்குள் மறுபடி சிவந்தன. இந்த முறை சிவந்தது நிஜமாகவே சிவந்தது.

எல்லோரும் போன பிறகும் மாஸ்டர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தே முக்காலுக்கு ஒரே ஒரு பச்சை மிச்சம். பதினோராம் வரிசை, ஓரத்து நாற்காலி. அதைத் தொட்டுப் பிடித்தார். ஒரு நாற்காலியாவது காலியாகக் கிடக்கட்டும் என்றுதான் பிடித்தார். ஆனால் விட்டால் அடுத்த நொடி எவனோ எடுத்துக்கொள்வான். காலியாக வைக்க வேண்டும் என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும். அப்படியே வாங்கினாலும், நாற்காலி எதற்குச் சும்மா கிடக்க வேண்டும்? போய் உட்கார்ந்து, அந்தச் சிரித்த முகத்தில் முதல் குத்து விழுவதைக் கண்குளிரப் பார்க்கலாமே. மூன்றாவது ஓய்வு முடிந்து மணி அடிப்பதற்குள் மாஸ்டர் ஒன்றரை மாத வாடகையைக் கட்டிவிட்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

சில வாரம் கழித்து ஆட்ட நாள் வந்தது, மாலை ஆறு மணிக்கு. வீட்டில் வேறு ஏதோ சொல்லிவிட்டு, தொப்பியைப் புருவம் வரை இழுத்துக்கொண்டு போனார். அரங்கு வாசலிலேயே இரைச்சல் காதை அடைத்தது. இரண்டாயிரம் நாற்காலியிலும் ஆள். இப்படி ஒரு கூட்டத்தின் நடுவே வெளிச்சத்தில் ரிங் நிற்பதை அவர் கனவில் மட்டும் பார்த்திருக்கிறார். அந்தக் கனவில் ரிங்கில் நின்றது அவர்.

அவருக்கு நேர் முன்னால் பத்தாம் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வலது காதை ரிங் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"நீ எங்கடா இங்க?"

ஒத்தக்காது நெளிந்தார். "அந்தப் பய அடி வாங்கறதைப் பாத்துட்டுப் போலாம்னு... நீங்க?"

"நானும் அதுக்குத்தான்."

நாலு நாற்காலி தள்ளி டயர் கடைக்காரர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தும்மல் வந்தவர்போல நடித்தார். மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். தொப்பி போடலாம், கண்ணாடி போடலாம், உடைந்த மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது? அரங்கு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோணல் மூக்குகள். நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் காசு கொடுத்து. எந்த முட்டாள் வருவான் என்று அவர் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது.

மணி அடித்தது. முதல் ரவுண்டு மாஸ்டருக்கு விருந்து. கோல்கீப்பருக்கு நீளமான கை. பந்தைத் தட்டுவதுபோலக் குஷியின் தலையைத் தட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாம் ரவுண்டில் குஷியின் உதடு கிழிந்தது. மாஸ்டர் அடுத்த சந்தோஷத்துக்குக் காத்திருந்தார், அது வரவில்லை. அவர் கண் வேறொன்றில் மாட்டிக்கொண்டது. பின்வாங்கும் ஒவ்வொரு தடவையும் குஷியின் இடது கை இடுப்புக்கு இறங்கியது. மூன்றாம் ரவுண்டிலும் இறங்கியது. அதே இடைவெளியில் அதே வலது குத்து. எவன் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது? எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவனைத் துரத்திவிட்டது யார்? இடது கை மறுபடி இறங்கியது. மாஸ்டருக்குத் தன் தாடை வலித்தது.

"இடது கையைத் தூக்குடா!"

எழுந்து நின்று கத்தியது தான்தான் என்பது அவருக்கே கத்திய பிறகுதான் தெரிந்தது. "தாடையில ஒட்டு! இறக்காத!"

இரண்டாயிரம் பேர் இரைச்சலில் அந்தக் குரல் எப்படிக் கேட்டதோ, குஷியின் கை ஏறியது. குத்து கிளவுஸில் பட்டுத் தெறித்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் உட்காரவே இல்லை. "நேரா பின்னால போகாத, பக்கமா நகரு! மூச்சை விடு! அவன் கை திரும்பறப்ப குத்து!" ஒத்தக்காதும் எழுந்துவிட்டார், டயர் கடைக்காரர் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டார். ஆறு ரவுண்டும் முடிந்தபோது குஷி வீங்கிப்போய், ஆனால் சொந்தக் காலில் நின்றான். தீர்ப்பு கோல்கீப்பருக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தோற்றவன் மைக்கை வாங்கினான். இதுவும் அவனுக்குத் தெரிந்த வித்தை.

"நான் இன்னைக்கு விழாததுக்கு ஒரே காரணம் ஒரு குரல்," என்றான், கிழிந்த உதட்டோடு. "அது என் சகலை. என் அண்ணன். இந்த ஊர்ல நிஜ சாம்பியன்னா அவருதான், உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. ஓசி பாஸ் குடுத்தாக்கூட வரமாட்டாருன்னு நெனச்சேன். டிக்கெட் வாங்கி வந்திருக்காரு. அண்ணே, எங்க இருக்கீங்க? அந்த லைட்டை அவர்மேல போடுங்க."

வெளிச்சம் பதினோராம் வரிசைக்கு வந்தது. மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் ஒத்தக்காது தட்டினார், பிறகு கோணல் மூக்குகள், பிறகு அரங்கு மொத்தமும். இரண்டாயிரம் பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அது கூரையில் மோதித் திரும்பி அவர் நெஞ்சுக்குள் இறங்கியது. இருபத்திரண்டு வருஷம் அவர் கேட்க ஏங்கிய சத்தம். அறுபத்தொரு பேரால் தர முடியாத சத்தம். கண் கலங்கியது, அவர் துடைக்கவில்லை. இது என்னுடையது, என்னுடையது என்று அடித்துக்கொண்டது மனம். நிற்கக்கூடாது, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்சம்.

மேடையில் குஷி அடுத்ததாக ஏதோ சொல்வதற்காக ஒரு கையை உயர்த்தினான்.

கைதட்டல் நின்றது.