பூதமும் ஞாயிற்றுக்கிழமையும்

ஸ்டூடியோவில் அவளைக் கைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கார்ட்டூன் படங்களில் வருகிற கைகளுக்கு அசைவு கொடுப்பது அவள் வேலை. முகத்துக்கு வேறொருத்தி, நடைக்கு வேறொருவர். இந்தக் கை ஏன் நடுங்குகிறது என்று கேட்டால், "கையை மட்டும் பாருங்கம்மா" என்பார் மேற்பார்வையாளர்.

இந்தத் தடவை கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வானத்தில் ஓர் ஆலை. அதற்கு ஒரு பூதம் முதலாளி. மேகம் நெய்கிறவர்கள் ஓயாமல் நெய்து நெய்து, வீட்டுக்கு எந்தப் பக்கம் இறங்குவது என்பதையே மறந்துபோகிறார்கள். ஒருநாள் எல்லாரும் சேர்ந்து தறியிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்கள். பூதம் காற்றுப்போன பலூனாகச் சுருங்குகிறது. உலகத்தின் முதல் விடுமுறை நாள் பிறக்கிறது.

அந்த விடுமுறை நாளை வரைந்து முடிப்பதற்காக ஸ்டூடியோவில் ஞாயிற்றுக்கிழமைகள் ரத்தாயின.

கைக்காரியின் மணிக்கட்டு வீங்கியது. ஸ்டூடியோ முதலாளியிடம் போய் நின்றாள். இளகின மனசுக்காரர், ஆலைக் காட்சியை முதலில் போட்டுக் காட்டியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டவர்.

"வலி உயிரை எடுக்குது சார். இந்த ஒரு ஞாயிறு மட்டும்..."

"அந்த வலி நீங்க வரையுற கையில தெரியுதும்மா. படத்துக்கே உயிரு அதான். இப்ப போய் விட்டுடாதீங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திரும்பி வந்து வரைந்தாள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. முதலாளி ஆளுக்கொரு டி-ஷர்ட் கொடுத்தார். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'கையை எடு' என்றிருந்தது. உடனே இரண்டாம் பாகத்தையும் தொடங்கிவிட்டார். ஞாயிறு மட்டும் திரும்பி வரவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் அந்த டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருந்தபோது முகக்காரி மெதுவாகச் சொன்னாள்: "இதைப் போட்டுக்கிட்டு வேலை பாக்க ஒருமாதிரி இருக்குல்ல?"

கைக்காரி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். பக்கத்திலிருந்தவள் வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாருமே வைத்துவிட்டார்கள்.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். திட்டு விழும் என்று கைக்காரி நினைத்தாள். அவர் முகமோ மலர்ந்தது.

"அருமை. அப்படியே இருங்க, யாரும் அசையாதீங்க" என்று போனை எடுத்தார்.

"சார், நாங்க நிஜமாவே நிறுத்திட்டோம்" என்றாள் கைக்காரி.

"தெரியுதும்மா. அந்த நிஜம் போட்டோல அப்படியே விழுந்திருக்கு."

முதலாளி உடனே நெட்டில் போட்ட அந்த போட்டோ சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. யாரோ ஒருவர் அதன் கீழே எழுதினார்: 'ஞாயித்துக்கிழமை இவங்களுக்கு ஆபீஸ்ல என்ன வேலை?' பின்னாலேயே பலரும் அதையே கேட்டார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் போன் போட்டே கேட்டுவிட்டார்.

"எங்ககிட்ட ஞாயிறு எப்பவுமே லீவுதான். அன்னைக்கு போட்டோ எடுக்க வந்தாங்க, அவ்வளவுதான்" என்றார் முதலாளி. அது அச்சிலும் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு விடிந்து வெகுநேரமாகியும் படுத்தே கிடந்தவளிடம் கணவன் கேட்டான்: "எப்படி லீவு குடுத்தாரு?"

"பொய் சொல்லிட்டாரு. இப்ப அதைக் காப்பாத்தியாகணும்ல."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப சம்பளத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை கேக்கச் சொல்லேன், அந்தப் பத்திரிகைக்காரரை."

அவள் மறுபடியும் தூங்கிப்போயிருந்தாள்.